விளையாட்டு முடிந்தது, நிழல் போகவில்லை!

பிளாஸ்மா டி.வி.யில் ஒட்டிக்கொள்ளும் படம்: தடுப்பது எப்படி?

திண்டுக்கல்,

பையன் வீடியோ கேமை நிறுத்தி விட்டான். அப்பா செய்தி சேனலைப் போடுகிறார்.

செய்தி வாசிக்கும் பெண்ணின் கன்னத்தில் தோட்டாக் கணக்கு தெரிகிறது! தலைக்கு மேலே வட்டமாக ஒரு வரைபடம் மங்கலாக நிற்கிறது.

"ஏண்டா, டி.வி.யை என்னடா செஞ்சே?"

"நான் ஒண்ணும் செய்யலப்பா. கேம்தான் விளையாண்டேன்."

சேனலை மாற்றினாலும் போகவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டாலும் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். "பேனல் போயிருச்சு, அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். பையனுக்கு அடி விழுகிறது. அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இது நாகல்நகரிலும் நடக்கலாம், பேகம்பூரிலும் நடக்கலாம். வேடசந்தூர், வடமதுரை, சின்னாளபட்டி என்று எந்த ஊரிலும் நடக்கலாம். பிளாஸ்மா டி.வி.யும் வீடியோ கேமும் ஒரே வீட்டில் இருந்தால் போதும்.

ஆனால், அடிக்கும் அவசரம் இல்லை. அழுகைக்கும் அவசரம் இல்லை. இப்படி வரும் நிழல் பெரும்பாலும் தானாகப் போய்விடும் நிழல்தான்! போகாத நிழலும் ஒன்று உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் பணமும் மிச்சம், டி.வி.யும் மிச்சம்.

கடையில் கிடைக்காத பொருள்

பிளாஸ்மா டி.வி. இப்போது எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்காது. பானசோனிக் கம்பெனி 2013-ம் ஆண்டு இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது. சாம்சங், எல்.ஜி. ஆகிய இரண்டும் 2014-ல் கை கழுவின. அத்தோடு கதை முடிந்தது.

அதனால் இன்று ஒரு வீட்டில் பிளாஸ்மா ஓடுகிறது என்றால், அது பத்து வருடத்துக்கு மேற்பட்ட பெட்டி. அல்லது கை மாறி வந்த பழைய பெட்டி.

பழையது என்றாலும் கேம் ஆடும் பிள்ளைகளுக்கு அதன் மேல் ஒரு மோகம். காரணம் உண்டு. 42 அங்குலம், 50 அங்குலம் என்று பெரிய திரை. கார் பறந்தாலும், பந்து பறந்தாலும் படம் இழுபடாது. கறுப்பு நிறம் கறுப்பாகவே தெரியும். பழைய விலைக்குக் கிடைத்தால் "விடாதே, பிடி" என்றுதான் தோன்றும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பேனல் போனால் மாற்றுப் பேனல் புதிதாகச் செய்ய இன்று ஆள் இல்லை. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வழி.

நிழல் வருவது ஏன்?

பிளாஸ்மா திரை என்பது கண்ணாடிகளுக்கு நடுவே லட்சக்கணக்கான சின்னச்சின்ன அறைகள். ஒவ்வொரு அறையிலும் நியான், செனான் என்ற வாயுக்கள் அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன.

மின்சாரம் பாய்ந்ததும் அந்த வாயுவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் கிளம்பும். அறையின் உள்பக்கம் 'பாஸ்பர்' என்ற பூச்சு பூசப்பட்டிருக்கிறது. கதிர் பட்டதும் பூச்சு ஒளி விடும். ஓர் அறையில் சிவப்பு, ஓர் அறையில் பச்சை, ஓர் அறையில் நீலம். மூன்றும் சேர்ந்தால் படத்தில் ஒரு புள்ளி. டியூப் லைட் எரியும் முறையும் ஏறக்குறைய இதேதான்.

டியூப் லைட் வருடக்கணக்கில் எரிந்தால் வெளிச்சம் குறைகிறது அல்லவா? பிளாஸ்மா அறையின் பூச்சும் அப்படித்தான். எரிய எரியத் தேயும். திரை முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஓர் இடம் மட்டும் அதிகமாகத் தேய்ந்தால்தான் வம்பு!

சுவரில் வருடக்கணக்கில் தொங்கிய காலண்டரை எடுத்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். சுற்றியுள்ள சுவர் வெளுத்திருக்கும். காலண்டர் மறைத்த இடம் வெளுக்காமல் இருக்கும். டி.வி.யிலும் அதே கதைதான். இங்கே வெளுத்துப் போவது, விடாமல் எரிந்த இடம்.

நிழல் இரண்டு வகை

முதல் வகை, தற்காலிக நிழல். ஒரே படம் சிறிது நேரம் அசையாமல் நின்றால், அந்த அறைகளில் சூடும் மின்னேற்றமும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். படத்தை மாற்றியதும் அந்த மிச்சம் மங்கலாகத் தெரியும். சில நிமிடங்களிலோ, சில மணி நேரத்திலோ போய்விடும். பிடிவாதமான நிழல் சில நாட்கள் எடுத்துக்கொள்ளும். பூச்சுக்குக் கேடு இல்லை.

இரண்டாவது வகை, நிரந்தரத் தழும்பு. ஒரே படம், அதிக வெளிச்சத்தில், பல நாட்கள், பல மணி நேரம் நின்றதால் பூச்சே தேய்ந்து போன நிலை. இதற்கு மருந்து கிடையாது. ரிப்பேர் கடைக்காரர் யாராலும் தேய்ந்த பூச்சைத் திருப்பிக் கொண்டு வர முடியாது.

நிழல் தெரிந்த முதல் நாளே "பேனலைச் சரி செய்து தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் உஷார்! முதல் வகையாக இருந்தால் அவர் கை வைக்கத் தேவையே இல்லை. இரண்டாவது வகையாக இருந்தால் அவர் கை வைத்தும் பிரயோசனம் இல்லை.

கேம் மட்டும் ஏன் எதிரி?

சினிமாவில் காட்சி மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நடிகரின் முகம் ஒரே இடத்தில் பத்து நிமிடம் நிற்காது.

கேம் அப்படி அல்ல. மேலே மதிப்பெண். கீழே உயிர்க் கோடு. ஒரு மூலையில் வரைபடம். இன்னொரு மூலையில் தோட்டாக் கணக்கு. கார் பந்தயம் என்றால் வேகமானி. கால்பந்து என்றால் கோல் கணக்கு. இவை எல்லாம் விளையாட்டு தொடங்கியதிலிருந்து முடியும் வரை இம்மியும் நகராது. பளிச்சென்று கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று பிரகாசமான நிறம் வேறு!

அதை விட மோசம் ஒன்று இருக்கிறது. "சாப்பிட வாடா" என்று அம்மா கூப்பிடுகிறார். பையன் கேமை 'பாஸ்' செய்துவிட்டு எழுந்து போகிறான். சாப்பாடு, அரட்டை, தெருவில் நண்பன் என்று ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. திரையில் அதே படம் அப்படியே நிற்கிறது. யாரும் பார்க்காத டி.வி.யில் பூச்சு தேய்கிறது!

கோடை விடுமுறையில் இது தினமும் நடக்கும். ஒரே கேம், ஒரே மூலை, ஒரே வெளிச்சம். இரண்டு மாதத்தில் தற்காலிக நிழல் நிரந்தரத் தழும்பாக மாற வழி திறந்துவிடும்.

பெரியவர்களும் தப்பவில்லை

பழியைப் பிள்ளைகள் தலையில் மட்டும் போடுவது நியாயம் அல்ல.

சேனல் முத்திரை எப்போதும் ஒரே மூலையில் நிற்கிறது. உள்ளூர் கேபிள் சேனலில் அடியில் விளம்பரப் பட்டை ஓடுகிறது. எழுத்து நகரும், பட்டை நகராது. கிரிக்கெட் என்றால் ரன் கணக்கு. ஓட்டு எண்ணிக்கை நாளில் கேட்கவே வேண்டாம். காலை 8 மணிக்குப் போட்ட கட்சிக் கணக்குக் கட்டம் ராத்திரி வரை அசையாது. டீக்கடையில் கூட்டம் கலைந்த பிறகும் கட்டம் கலையாது!

பழைய படங்களில் இன்னொரு சங்கதி. அவை சதுர வடிவத்துக்கு எடுக்கப்பட்டவை. அகலத் திரையில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். நடுப்பகுதி எரியும், ஓரம் எரியாது. மாதக்கணக்கில் இப்படிப் பார்த்தால் ஓரத்தில் கோடு கிழித்தாற்போல வித்தியாசம் தெரியும்.

வருமுன் காக்க எட்டு வழிகள்

1. வெளிச்சத்தைக் குறையுங்கள். இதுதான் முதல் மருந்து. 'டைனமிக்', 'விவிட்' என்ற அமைப்புகள் கடையில் வாடிக்கையாளர் கண்ணைப் பறிப்பதற்காக வைத்தவை. வீட்டுக்கு 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்டு' போதும்.

2. மெனுவில் 'கான்டிராஸ்ட்' என்று இருப்பதைப் பாதி அளவுக்குக் கொண்டு வாருங்கள். பலர் 'பிரைட்னஸ்' என்பதைக் குறைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தவறு. பிரைட்னஸ் கறுப்பு நிறத்தின் அளவைத்தான் மாற்றும். வெள்ளை எவ்வளவு எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கான்டிராஸ்ட்.

3. 'பாஸ்' போட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. எழுந்தால் டி.வி.யை அணைக்க வேண்டும். கேம் பெட்டி ஓடினால் ஓடட்டும், திரை அணையட்டும்.

4. ஒரு மணி, இரண்டு மணி நேரம் விளையாடினால், அதன் பிறகு திரை முழுவதும் நிறையும் படம் ஏதாவது சிறிது நேரம் ஓடட்டும். தினமும் ஒரே கேம் வேண்டாம். மாற்றி மாற்றி ஆடலாம்.

5. மதிப்பெண், வரைபடம் ஆகியவற்றை மறைக்கவோ, மங்கலாக்கவோ பல கேம்களில் வசதி இருக்கிறது. கேமின் அமைப்புப் பக்கத்தில் தேடினால் கிடைக்கும். பையனையே தேடச் சொல்லுங்கள். ஒரு நொடியில் கண்டுபிடிப்பான்!

6. பானசோனிக்கில் 'பிக்சல் ஆர்பிட்டர்', சாம்சங்கில் 'பிக்சல் ஷிப்ட்', எல்.ஜி.யில் 'ஆர்பிட்டர்' என்று ஒரு வசதி உண்டு. படத்தை அவ்வப்போது கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்த்தும். அது 'ஆன்' நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பி மட்டும் உட்காரக் கூடாது. பெரிய எழுத்தைச் சில புள்ளி நகர்த்தினாலும் நடுப்பகுதி அதே இடத்தில்தான் எரியும்.

7. பழைய சதுரப் படங்களை எப்போதாவது பார்த்தால் குற்றம் இல்லை. தினமும் பார்ப்பவர்கள் 'ஜூம்' போட்டுத் திரையை நிறைத்துக்கொள்வது நல்லது.

8. கேம் பெட்டியில் 'ஸ்கிரீன் சேவர்' அல்லது தானாக மங்கும் வசதி இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். மறதிக்கு அதுதான் காவல்காரன்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் பதறக் கூடாது. கேமை நிறுத்துங்கள். முத்திரையோ பட்டையோ இல்லாமல் திரை முழுவதும் அசையும் படத்தைச் சில மணி நேரம் ஓட விடுங்கள். பெரும்பாலான நிழல்கள் இதிலேயே கரைந்துவிடும்.

போகவில்லையா? மெனுவுக்குள் போங்கள். பானசோனிக்கில் 'ஸ்குரோலிங் பார்' என்று இருக்கும். வெள்ளைப் பட்டை ஒன்று திரையை மேய்ந்து போகும். எல்.ஜி.யில் 'ஒயிட் வாஷ்', சாம்சங்கில் 'ஸ்குரோலிங்'. சிறிது நேரம் ஓட விட்டுப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

இரவு முழுவதும், வாரம் முழுவதும் வெள்ளைத் திரையை எரிய விடுவது புத்திசாலித்தனம் அல்ல. நிழல் போகிறதோ இல்லையோ, திரை முழுவதும் பூச்சு தேயும். ஒரு கறையைப் போக்கச் சட்டை முழுவதையும் கல்லில் அடித்துக் கிழித்த கதை ஆகிவிடும்.

சில நாட்கள் கவனமாகப் பார்த்த பிறகும் நிழல் கொஞ்சமும் குறையவில்லை என்றால், அது தழும்புதான். அப்போதும் டி.வி.யைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. படம் ஓடும்போது தெரியாமல், வெறும் வெள்ளைத் திரையில் மட்டும் தெரிகிற தழும்புகள் உண்டு. அதனோடு வாழ்ந்துவிடலாம்.

முக்கியமாக ஒன்று. பின்பக்க மூடியை யாரும் வீட்டில் கழற்றிப் பார்க்கக் கூடாது. உள்ளே அதிக வோல்டேஜ் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில பாகங்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். உயிரோடு விளையாட வேண்டாம்!

பழைய பெட்டி வாங்குகிறீர்களா?

"படம் சூப்பரா இருக்கு, பாருங்கண்ணே" என்று விற்பவர் சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டுவார். ஏமாறக் கூடாது. ஓடும் படத்தில் தழும்பு ஒளிந்துகொள்ளும்.

ஒரு பென் டிரைவில் வெறும் வெள்ளை, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படங்களை எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றாகப் போட்டு நான்கு மூலைகளையும், அடிப் பட்டையையும் பாருங்கள். சேனல் முத்திரையின் தடம் தெரிந்தால், அரை மணி நேரம் படம் ஓட விட்டு மறுபடி பாருங்கள். மங்கினால் பயம் குறைவு. மங்கவே இல்லை என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அல்லது கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கடை, ஓட்டல், வரவேற்பு அறை ஆகிய இடங்களில் ஓடிய பெட்டி என்றால் இரண்டு மடங்கு கவனம் தேவை. அங்கே காலை முதல் இரவு வரை ஒரே சேனல் ஓடியிருக்கும்.

குட்டி யானையில் ஏற்றி வரும்போது படுக்க வைக்கக் கூடாது. கனமான கண்ணாடி. நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

கொடைக்கானலுக்குக் கொண்டு போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. வாயு அடைத்த பிளாஸ்மா திரை அங்கே 'ங்ஙொய்' என்று ரீங்காரம் செய்யக்கூடும். திண்டுக்கல் சமவெளியில் அந்தத் தொல்லை இல்லை.

பழைய கதை ஒன்று

பிளாஸ்மாவில் கேம் ஆடுவது நேற்று வந்த பழக்கம் அல்ல.

1964-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் ஆகிய மூவர் முதல் பிளாஸ்மா திரையைக் கண்டுபிடித்தார்கள். டி.வி.க்காக அல்ல. கம்ப்யூட்டர் மூலம் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் 'பிளேட்டோ' என்ற திட்டத்துக்காக. படம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும்.

பாடம் படிக்க வைத்த திரையில் மாணவர்கள் என்ன செய்தார்கள்? 1970-களிலேயே கேம் எழுதி, கூட்டம் சேர்த்து விளையாடினார்கள்! 'எம்பயர்' என்ற விண்வெளிச் சண்டை விளையாட்டு 1973-ல் அப்படிப் பிறந்ததுதான். பிள்ளைகள் எங்கேயும் பிள்ளைகள்தான்.

பழைய டியூப் டி.வி.யும் இந்தத் தொல்லைக்குத் தப்பியது அல்ல. 1980-ல் ஜப்பானில் வந்த 'பேக்-மேன்' விளையாட்டு எந்திரங்களில், அணைத்த பிறகும் திரையில் கோட்டை வழி போன்ற கோடுகள் பதிந்து கிடந்தன. நாள் முழுவதும் ஒரே படம் எரிந்ததன் பலன். கம்ப்யூட்டருக்கு 'ஸ்கிரீன் சேவர்' வந்ததும் இந்தத் தழும்பைத் தடுக்கத்தான்.

புது டி.வி.க்காரர்களும் படியுங்கள்

"எங்க வீட்டுல பிளாஸ்மா இல்லையே" என்று யாரும் பக்கத்தைத் திருப்ப வேண்டாம்.

இப்போது விலை உயர்ந்த டி.வி. என்று கடைகளில் காட்டப்படும் 'ஓலெட்' வகையிலும் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. எரிவது தேயும். அதே நோய், புது உடம்பு. 'எல்.இ.டி.', 'கியூலெட்' என்று விற்கப்படும் சாதாரண வகைக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. அவற்றில் பின்னால் ஒரு விளக்கு. முன்னால் அதை மறைக்கும் திரை. அவ்வளவுதான்.

2018-ல் கனடாவில் டி.வி.களைச் சோதிக்கும் 'ஆர்டிங்ஸ்' என்ற நிறுவனம் ஒரே மாதிரியான 6 ஓலெட் டி.வி.களை வாங்கி, நாளுக்கு 20 மணி நேரம் ஓட விட்டது. ஒன்றில் செய்தி சேனல். ஒன்றில் கால்பந்து கேம். ஒன்றில் போர் கேம். மாதங்கள் ஓடின. அதிக வெளிச்சத்தில் செய்தி சேனல் ஓடிய பெட்டியில் தழும்பு நன்றாக விழுந்தது. கால்பந்து கேம் ஓடிய பெட்டியிலும் தடம் தெரிந்தது. போர் கேம் ஓடிய பெட்டி பெரும்பாலும் தப்பியது. கேம் என்பதற்காகத் தழும்பு விழுவதில்லை. எது அசையாமல், பிரகாசமாக நிற்கிறதோ, அதுதான் விழுகிறது.

ஓலெட் வைத்திருப்பவர்கள் நம் ஊர் வழக்கம் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். ராத்திரி தூங்கப் போகும் முன் சுவர் சுவிட்சையும் சேர்த்து அணைக்கும் வழக்கம்தான் அது. நான்கு மணி நேரம் போல ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்ததும் ஓலெட் டி.வி. தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். சுவிட்சை அணைத்தால் அந்த வேலை நடக்காது. ரிமோட்டில் அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுவிடுவது நல்லது. பிளாஸ்மாவுக்கு இந்த நிபந்தனை இல்லை. தாராளமாகச் சுவிட்சை அணைக்கலாம்.

ஓலெட் வாங்கும்போது இன்னொன்று கேளுங்கள்: "திரையில் படம் ஒட்டிக்கொண்டால் வாரண்டி உண்டா?" பதில் வாய்ப்பேச்சாக வேண்டாம். எழுத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

இன்று இரவே ஒரு வேலை

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும், ரிமோட்டை எடுத்து மெனுவைத் திறவுங்கள். கான்டிராஸ்ட் எத்தனையில் நிற்கிறது என்று பாருங்கள். நூறில் நின்றால் ஐம்பதுக்கு இறக்குங்கள். முதல் இரண்டு நாள் படம் மங்கல் என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். மூன்றாம் நாள் கண் பழகிவிடும்.

பையன் அருகே உட்கார்ந்திருந்தால் அடிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்:

"விளையாடுடா, வேணாங்கல. ஆனா எந்திரிச்சுப் போறப்ப டி.வி.யை அமத்திட்டுப் போ."